யாரால் எடுக்கப்பட்டது?

சற்று நீண்ட பதிவு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களும் எழுதத் தொடங்கவிருப்பவர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

சென்ற திங்கட்கிழமை என் ஆய்வேட்டை ஒப்படைத்தேன். 5 ஆண்டு உழைப்பு, 214 பக்கம். அதில் ஒரே ஒரு வாக்கியம் 11 நாள் என்னை நகரவிடாமல் நிறுத்திவைத்தது. மூன்றாம் இயலில், ஆய்வு முறைகளை விளக்கும் பகுதியின் முதல் வாக்கியம் அது. ‘சாம்பிள்ஸ் வேர் கலெக்டட் எவ்ரி மன்த் ஃப்ரம் சிக்ஸ்டீன் வெல்ஸ்.’ அதாவது, 16 கிணறுகளிலிருந்து மாதந்தோறும் நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நெறியாளர் மூன்று முறை படித்தும் அதன்மேல் கோடு போட்டதில்லை.

என் ஆய்வு தெலங்கானாவின் நல்கொண்டா பகுதியில் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடைப் பற்றியது. அப்பகுதியின் பெயரே இச்சிக்கலோடு ஒட்டிக்கொண்டது. படிகாரம், சுண்ணாம்பு, சலவைத்தூள் இவற்றைக் கொண்டு நீரிலிருந்து ஃப்ளோரைடை நீக்குவதற்கு 1970களில் நீரி நிறுவனம் உருவாக்கிய வழிமுறைக்கு ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருப்பது நலம், வேறு வழியில்லாவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்கள் பழுப்பேறும். மேலும் மிகுந்தால் எலும்புகள் இறுகி முதுகு வளையும். நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். எங்கள் ஊரிலும் இதே கருங்கல் பாறை, இதே நீர். என் பற்களைக் கண்ணாடியில் பார்த்து வளர்ந்ததே இந்த ஆய்வுக்கு வந்த காரணம் என்று நேர்காணலில் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

மூன்றாம் இயலைச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்ப எண்ணினேன். அவ்விதழின் நெறிமுறையில், இயன்றவரை செய்வினையில் எழுதுக என்று ஒரு வரி இருந்தது. எளிய வேலைதானே என்று உட்கார்ந்தேன். ‘மாதிரிகள் வடிகட்டப்பட்டன’ என்பதை ‘நான் வடிகட்டினேன்’ என்று மாற்றினேன். ‘மின்முனை கொண்டு அளக்கப்பட்டன’ என்பது ‘நான் அளந்தேன்’ ஆயிற்று. அடுத்தது அந்த முதல் வாக்கியம். ‘ஐ கலெக்டட்’ என்று தட்டிய பின் விரல்கள் நின்றுவிட்டன.

ஏனெனில் அது பொய்.

16 கிணறு, 12 மாதம், ஆக 192 மாதிரிகள். இவற்றுள் 48 மாதிரிகளை நான் எடுக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மஞ்சள் காமாலையால் ஊரில் படுத்திருந்தேன். அம்மூன்று மாதமும் மாதிரிகளை எடுத்தவர் அவ்வூர் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் ஓர் அக்கா. முதல் மாதத்திலிருந்தே அவர்தான் எனக்கு வழிகாட்டி. எந்தக் கிணற்றுக்கு எந்த வரப்பில் போக வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் பாலித்தீன் புட்டியே ஆகும் என்றும், அதே நீரால் மூன்று முறை அலசிய பிறகே நிரப்ப வேண்டும் என்றும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவ்வாறு நிரப்பிய புட்டியில் ஃப்ளோரைடு அளவு 28 நாள் வரை மாறாது என்பது ஏற்கப்பட்ட வரையறை. ஒவ்வொரு மாதமும் என் நண்பன் ஒருவன் பேருந்தில் போய்ப் புட்டிகளை வாங்கி வந்தான். மாதம் 1,500 ரூபாய் அவருக்குக் கொடுத்தேன். கணக்குச் சீட்டில் அது ‘உள்ளூர்ப் போக்குவரத்து’ என்று எழுதப்பட்டது. எழுதியவன் நான்தான்.

பள்ளிப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. உங்களில் பலருக்கும் ரென் அண்டு மார்ட்டின் நூலின் வழியாகவே செய்வினையும் செயப்பாட்டு வினையும் அறிமுகமாகியிருக்கும். செயப்படுபொருளைத் தூக்கி எழுவாய் இடத்தில் வை; வினையைப் ‘பீ’ வடிவத்தோடும் இறந்தகால எச்சத்தோடும் சேர்; பழைய எழுவாயைப் ‘பை’ என்ற சொல்லோடு கடைசியில் போடு. ‘யாரோ என் பேனாவைத் திருடிவிட்டார்’ என்பதை மாற்றும்போது மட்டும் ‘பை சம்படி’ என்று எழுதத் தேவையில்லை, அதற்கு மதிப்பெண் குறையாது என்றார் ஆசிரியர். செய்தவனை விட்டுவிட்டாலும் முழு மதிப்பெண் உண்டு என்று 14 வயதில் கற்றுக்கொண்டேன்.

அடுத்த பயிற்சி எதிர்த்திசையில் இருந்தது. ‘பை’ இல்லாத செயப்பாட்டு வாக்கியத்தைச் செய்வினையாக்க வேண்டும். எழுவாய்க்கு எங்கே போவது என்று ஒரு மாணவி கேட்டாள். பொருத்தமான ஒன்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார் ஆசிரியர். இருபது ஆண்டு கழித்து அதே பயிற்சியைத்தான் செய்துகொண்டிருந்தேன். பொருத்தமாகத் தெரிந்த எழுவாய் ‘நான்’. கைக்கு அருகில் இருந்ததும் அதுவே.

இது என் ஒருவனின் பழக்கமன்று. ஆங்கில உரையாடலில் செயப்பாட்டு வினை மிக அரிது. கல்விசார் எழுத்திலோ முற்றுவினைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அவ்வடிவில் இருப்பதாக 1999-இல் வெளிவந்த லாங்மன் இலக்கணம் கணக்கிட்டது. அவற்றிலும் பெரும்பாலானவை ‘பை’ இல்லாத குறுவடிவங்கள். அறிவியல் எப்போதும் இப்படி எழுதப்பட்டதில்லை. 1672-இல் ஒளியையும் நிறங்களையும் பற்றி நியூட்டன் இராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதம் தன்மையிலேயே நடக்கிறது. முப்பட்டகத்தை வாங்கியவரும் அறையை இருட்டாக்கியவரும் வியந்தவரும் ‘நான்’தான். பின்னர் மெல்ல மெல்ல அந்த ‘நான்’ விலகி, செய்கைகள் தாமே நிகழ்ந்தன என்ற தோற்றம் நிலைபெற்றது. யார் செய்தாலும் இதே முடிவு வரும், ஆகவே செய்தவர் பெயர் வேண்டா என்பது அதன் பின்னுள்ள நியாயம். அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் ‘நான்’ என்று எழுதுவது மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? வேதியியலாளர் ராபர்ட் பாயிலின் ஆய்வகத்தில் உழைத்த உதவியாளர்கள் பலர் அவருடைய நூல்களில் பெயரின்றி மறைந்ததைப் பற்றி ஸ்டீவன் ஷேப்பின் 1989-இல் ஒரு கட்டுரை எழுதினார். காற்றழுத்தக் கருவியை இயக்கியது ஒரு கை. ‘நான்’ என்று எழுதியது வேறொரு கை. வாட்சனும் கிரிக்கும் 1953-இல் டி.என்.ஏ.யின் அமைப்பை அறிவித்த கட்டுரை ‘நாங்கள்’ என்றுதான் தொடங்குகிறது. ரோசலின்ட் ஃப்ராங்க்ளின், வில்கின்ஸ் ஆகியோரின் வெளிவராத முடிவுகளைக் குறிப்பிட வேண்டிய இடத்தில், அவற்றின் பொதுத்தன்மையை அறிந்ததால் தாங்கள் தூண்டப்பட்டதாக ஒரு செயப்பாட்டு வினை வருகிறது. பெயர்கள் இருக்கின்றன, ‘பை’யும் இருக்கிறது. யாருடைய படத்தை யார் யாருக்குக் காட்டினார் என்பது மட்டும் அந்த வாக்கியத்தில் இல்லை.

அலுவலக ஆங்கிலத்தைப் பற்றி இந்நாட்டு ஆய்வு மாணவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ‘கீழே கையொப்பமிட்டவர் பணிக்கப்பட்டுள்ளார்’ என்று தொடங்குவதே நம் அரசு அலுவலகக் குறிப்பாணைகளின் மரபு. பணித்தவர் யார் என்று அந்த வாக்கியம் சொல்லாது. கையொப்பமிட்டவருக்கும் அது தன் வாக்கியமன்று. இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் உதவித்தொகை ‘ஹாஸ் பீன் வித்ஹெல்ட்’, அதாவது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. நிறுத்தியவரைத் தேடி நான்கு அறைகள் ஏறி இறங்கினேன். நிதிப்பிரிவு கல்விப்பிரிவைக் காட்டியது. கல்விப்பிரிவு துறையைக் காட்டியது. துறை மறுபடி நிதிப்பிரிவைக் காட்டியது. ஏழு மாதம் கழித்து ஒருநாள் தொகை ‘விடுவிக்கப்பட்டது’. அதையும் யாரும் செய்யவில்லை. அன்று அந்த நடையை நான் கேலி செய்தேன். என் அக்காவின் 48 புட்டிகளை அதே நடையில் எழுதியபோது கேலி எதுவும் தோன்றவில்லை.

தமிழில் எழுதியிருந்தால் இது நேர்ந்திராது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்ல முடியாது. ‘சேகரிக்கப்பட்டன’ என்று நாமும் தாராளமாக எழுதுகிறோம். அதைவிடப் பழைய வழியும் நம்மிடம் உண்டு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் வினையியலில் ஏற்றுக்கொள்கிறது. உரையாசிரியர்கள் அதற்குத் திண்ணையை மெழுகுவதை எடுத்துக்காட்டாகத் தருவார்கள்: மெழுகியவரைக் கூறாமல், திண்ணையே மெழுகியதாகக் கூறுவது. ஈராயிரம் ஆண்டு இலக்கண மரபில் இந்த விதிக்குக் கிடைத்த எடுத்துக்காட்டு வீட்டு வேலையாக இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் அந்தத் திண்ணையை மெழுகியவர் யார் என்று நான் நினைக்காமல் அப்பகுதியைப் படிக்க இப்போது முடிவதில்லை. வேறொன்றும் உண்டு. நம் செயப்பாட்டு வினையில் நிற்கும் ‘படு’ என்ற சொல், துன்பப்படு, அடிபடு, பாடுபடு என்று பட்டறிவையும் சுமந்து நிற்பது. பாடுபட்டவர் காணாமற்போகும் இடத்திலும் அச்சொல் அங்கேயே இருக்கிறது.

11 நாளில் ஆறாம் நாள், வேறு வழி தோன்றாமல் அக்காவின் குறிப்பேட்டை எடுத்தேன். மாதிரி எடுத்த நாளும் நேரமும் குறிக்க நான் வாங்கிக்கொடுத்த 40 பக்க நோட்டு அது. தெலுங்கில் எழுதியிருந்தார். எண்களை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு, சொற்களை நான் படிக்காமலே விட்டிருந்தேன். எனக்குத் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கே வரும். அன்று இரவு வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரியும் ஒரே சொல்லில் முடிந்தது: ‘தீசானு’. தமிழில் ‘எடுத்தேன்’. நம் மொழியைப் போலவே தெலுங்கிலும் வினையின் ஈறு ஆளைச் சொல்லிவிடும். ‘நான்’ என்று தனியே எழுதத் தேவையில்லை. மூன்று மாதம், 48 முறை, அவர் தம்மைத் தாமே அந்த ஈற்றில் எழுதிவைத்திருந்தார். நான் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அந்த ஈறுதான் முதலில் உதிர்ந்தது.

செப்டம்பர்ப் பக்கத்தில் 11-ஆம் கிணற்றுக்கு நேரே ஒரு வரி கூடுதலாக இருந்தது. மோட்டார் எரிந்துவிட்டது, பக்கத்துத் திறந்த கிணற்றில் வாளி விட்டு எடுத்தேன் என்று எழுதியிருந்தார்.

நான் சற்று நேரம் அசையவில்லை. ஆகஸ்டில் லிட்டருக்கு 3.8 மில்லிகிராம் காட்டிய அக்கிணறு செப்டம்பரில் 1.2 காட்டியிருந்தது. பருவமழை நிலத்தடிக்கு இறங்கி ஃப்ளோரைடை நீர்க்கச் செய்தது என்று அரைப்பக்கம் விளக்கம் எழுதி, நான்கு கட்டுரைகளை மேற்கோளும் காட்டியிருந்தேன். மற்றக் கிணறுகளில் இருந்த இறக்கம் சிறியது. என் விளக்கம் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியின் மேல்தான் நின்றது. அது ஆழ்துளைக் கிணற்று நீரே அன்று. எடுத்தவர் உண்மையை அன்றே எழுதிவைத்துவிட்டார். எடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதையே என் வாக்கியம் மறந்துவிட்டதால், அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாதிரிகள் தாமே சேகரிக்கப்பட்டிருந்தால் அவற்றிடம் என்ன கேட்பது?

அரைப்பக்கத்தையும் அந்தப் புள்ளியையும் நீக்கினேன். 192 என்பது 191 ஆயிற்று.

நெறியாளரிடம் போனேன். அவர் நல்லவர், அவர் தயங்கியதிலும் நியாயம் இருந்தது. பயிற்சி பெறாத ஒருவர் எடுத்த மாதிரிகள் என்று தேர்வாளர் எழுதினால் கால் பங்குத் தரவு கேள்விக்குள்ளாகும், பழைய வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். உண்மைதான், அதில் பொய் இல்லை. தவறுகள் நேர்ந்துவிட்டன என்று 1987-இல் ரீகன் தம் நாட்டு மன்றத்தில் சொன்னதும் பொய்யன்று. நான் குறிப்பேட்டையும் இன்னொரு பட்டியலையும் அவர்முன் வைத்தேன். நான் கற்பித்திருந்தபடி, ஒவ்வொரு மாதமும் இரண்டு கிணறுகளில் அக்கா இரட்டைப் புட்டிகள் நிரப்பியிருந்தார். ஒவ்வோர் இணைக்குமிடையே வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. நான் எடுத்த மாதங்களில் இருந்ததைவிட அது கூடுதல் அன்று. நெறியாளர் நெடுநேரம் பார்த்தார். எழுதுங்கள், ஆனால் வாய்மொழித் தேர்வில் அந்தப் பத்தியை நீங்களே காக்க வேண்டும் என்றார்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, “என் பேரை எழுது தம்முடூ. கிணத்துக்காரங்க பேரை மட்டும் எழுதிடாதே. அந்தத் தண்ணி கெட்டதுன்னு புத்தகத்துல வந்தா நிலத்தோட விலை போயிடும்னு சண்டைக்கு வருவாங்க” என்று தெலுங்கில் சொன்னார். ஆகவே கிணறுகள் எண்களாகவே இருக்கின்றன. அங்கெல்லாம் செயப்பாட்டு வினையை நானே விரும்பி வைத்துக்கொண்டேன். செய்வினையில் எழுத முடிந்தால் செயப்பாட்டு வினையைத் தொடாதே என்று 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் விதி வகுத்தார். அந்தக் கட்டுரையிலேயே அவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருப்பதை மொழியியலாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவ்வடிவத்தை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டா. சிலரை அது மறைத்து இழக்கச் செய்கிறது. சிலரை மறைத்துக் காக்கிறது. யாரை எதற்காக மறைக்கிறோம் என்பது இலக்கண நூல் முடிவு செய்யக்கூடியதன்று.

இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எழுதி முடித்த பக்கத்தில் ஒவ்வொரு செயப்பாட்டு வினையின் முன்னும் நின்று ‘யாரால்?’ என்று கேட்கிறேன். விடை ‘என்னால்’ என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறேன். நீரை வடிகட்டியவன் நான் என்பதில் உலகுக்கு ஒன்றும் இல்லை. விடை ஒரு கருவி என்றால் கருவியின் பெயரை எழுதுகிறேன். விடை வேறொரு மனிதர் என்றால், அவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். விடை தெரியவில்லை என்றால் பேனாவை வைத்துவிட்டுத் தேடப் போகிறேன். தேடப் போனதில்தான் ஒரு பிழையான அரைப்பக்கம் என் ஆய்வேட்டிலிருந்து வெளியேறியது.

அந்த முதல் வாக்கியம் இப்போது மூன்று வாக்கியங்களாகிவிட்டது. ஒன்பது மாதம் நான் எடுத்தேன். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இன்னார் எடுத்தார், அவரது குறிப்பேடு பின்னிணைப்பில் உள்ளது. 11-ஆம் கிணற்றின் செப்டம்பர் மாதிரி அவரது குறிப்பின் அடிப்படையில் விலக்கப்பட்டது. கடைசி வினையைப் பாருங்கள், ‘விலக்கப்பட்டது’. யாரால் என்று தேர்வாளர் கேட்டால் சொல்வேன்.

அவர் பெயர் ஆய்வேட்டில் இருக்கிறது. இந்தப் பதிவுக்கு அவரிடம் ஒப்புதல் கேட்கவில்லை, ஆகவே இங்கே இல்லை. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு நேரில் போவதாக இருக்கிறேன். ஆங்கிலம் அவர் படிக்கமாட்டார். பின்னிணைப்பில் அவர் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படிப்பார்.